அப்பாவின் பறையும் கத்ரியின் சாக்ஸபோனும்

ரஞ்சன்குடி கோட்டைக்குக் கீழே எங்கள் தெரு. 1994-இல் ‘டூயட்’ படப் பாட்டு ரேடியோவில் வந்தால், அப்பா பறை காய்ச்சுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். படத்தில் சாக்ஸபோனைப் பிடித்தவர் பிரபு. நிஜத்தில் ஊதியவர் கத்ரி கோபால்நாத்.

மங்களூர்ப் பக்கத்துக்காரர். அவர் அப்பா நாகஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர், ஜாஸுக்குப் பேர்போன அந்தக் கருவியில் கமகம் பேசவைக்க வருடக்கணக்கில் உழைத்தார். அதே 1994-இல் லண்டனில் பி.பி.சி. ப்ராம்ஸ் மேடை, 2004-இல் பத்மஸ்ரீ, 2008-இல் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு ‘கின்ஸ்மென்’ ஆல்பம். 2019-இல் மறைந்தார்.

அவர் உழைப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை தோழர்களே. உறுத்துவது வேறு. பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1840-களில் செய்த கருவிக்கு ஒரே மனிதரின் ஆயுளுக்குள் சபா கதவு திறந்துவிட்டது. தேருக்கு முன்னால் அடித்துக்கொண்டு போகும் என் அப்பாவோ கோயில் வாசலோடு நிற்கவேண்டும். மாட்டுத்தோல், தீட்டாம். “மிருதங்கத்தில் இருப்பது மட்டும் என்ன?” என்று ஒருமுறை சத்தமாகக் கேட்டேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

இப்போது பறை பழக மாணவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அப்பா முதலில் போடச் சொல்வது, அந்த ‘டூயட்’ சாக்ஸபோனைத்தான்.