வடிகட்டி வாங்கிய கதை

புதுக்கோட்டை என்றவுடன் பலரும் தொண்டைமான்களின் ஊரையே நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுடையது அதுவல்ல. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்திற்கு அருகில் இருக்கும் சிற்றூர் இது. இங்கிருந்து கடல் கண்ணுக்குத் தெரியாது. கிழக்கேயிருந்து வரும் காற்றில் அதன் ஈரம் மட்டும் இருக்கும். இப்படிப்பட்ட ஊரில், கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி வைக்கப் போவதாகச் சொன்னபோது, "கடலு அந்தா கெடக்கு. அத வீட்டுக்குள்ள எதுக்குக் கொண்டாரணும்?" என்று ஆச்சி கேட்டாள். அப்போது எங்களிடம் நல்ல பதில் இல்லை.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். நிரப்பினால் ஏறத்தாழ 55 லிட்டர். சிறிய தொட்டி என்பதால் பராமரிப்பது எளிது என்று எண்ணினோம். உண்மை நேர்மாறானது. நீர் குறையக் குறைய, அதில் நேரும் சிறு பிழையும் பெரிதாகிவிடுகிறது.

முதல் பாடத்தை உப்பு கற்பித்தது. உப்பளங்களுக்குப் பேர்போன மாவட்டத்தில் பிறந்துவிட்டு, மீன்தொட்டிக்கென்று பொட்டலத்தில் வரும் உப்பை வாங்க நேர்ந்தது. பாத்தியில் விளைவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. மக்னீசியம் முதலானவை உப்பு வாரியபின் எஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே, உப்பைத் திரும்பவும் நீரில் கரைத்தால் உப்புநீர் கிடைக்குமே தவிர, கடல்நீர் கிடைக்காது. துறைமுகத்தை ஒட்டிய நீரை எடுத்துவரவும் மனம் ஒப்பவில்லை.

அடுத்தது வடிகட்டி. இங்குதான் நாங்கள் பல நாட்கள் குழம்பினோம். கடைகளில் காட்டப்பட்டவை நான்கு வகை. தொட்டிக்குள் காற்றுக் குமிழியால் இயங்கும் ஸ்பாஞ்ச் வடிகட்டி ஒன்று. தொட்டியின் பின்விளிம்பில் மாட்டி, நீரை உறிஞ்சி அருவிபோல் திரும்பக் கொட்டும் வடிகட்டி இன்னொன்று. தொட்டிக்குக் கீழே மூடிய வாளியைப் போல நிற்கும் கேனிஸ்டர் மூன்றாவது. நான்காவது புரோட்டீன் ஸ்கிம்மர். அலை ஒதுக்கும் நுரையில் கடலின் கழிவு சேர்வதைப் போல, நுண்குமிழிகளை எழுப்பி, அவற்றின் மேற்பரப்பில் ஒட்டும் கரிமப் பொருட்களை நுரையாக வெளியே தள்ளும் கருவி அது. நன்னீரில் இவ்வளவு நுண்ணிய குமிழிகள் உருவாவதில்லை என்பதால், கடல்நீர்த் தொட்டிகளுக்கே உரியது.

நாங்கள் விலை உயர்ந்தது நல்லது என்னும் பொதுவான மூடநம்பிக்கையின்படி கேனிஸ்டரை வாங்கினோம். மறுநாளே இரண்டு நீலநிற டாம்செல் மீன்களை விட்டோம். ஆறாம் நாள் இரண்டும் இறந்துவிட்டன. தண்ணீர் அப்போதும் கண்ணாடிபோல் தெளிவாகவே இருந்தது. அந்தத் தெளிவுதான் எங்களை ஏமாற்றியது.

மீன் வெளியேற்றும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. கடல்நீரின் காரத்தன்மையில் அதன் கடுமை இன்னும் கூடும். அதை எந்தக் கருவியும் நேரடியாக வடிகட்டுவதில்லை. ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை, தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகிக் குடியமர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். நாம் பணம் கொடுத்து வாங்குவது அவை தங்குவதற்கான வீட்டை மட்டுமே. குடியிருப்பவர்கள் வருவதற்கு முன்பே நாங்கள் அந்த வீட்டிடம் வேலை வாங்க முயன்றிருக்கிறோம். இரண்டு உயிர்கள் போனபின்தான் இது புரிந்தது என்பதைச் சற்று வெட்கத்துடனேயே எழுதுகிறோம்.

அப்போது எங்கள் தேடலில் அகப்பட்டவர் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங். கடலிலிருந்து உயிர்ப்பாறைகளை, அதாவது நுண்ணுயிர்கள் குடிகொண்ட பவளக் கற்களை, எடுத்துவந்து தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழிகளின் துணையோடு மட்டுமே மீன்களையும் பவள உயிரிகளையும் வளர்த்த தம் முறையை 1961-இல் அவர் எழுதி வெளியிட்டார். கல்லின் வெளிப்புறத் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை மாற்றுகின்றன. பிராணவாயு எட்டாத உட்புறத்தில் வாழ்பவை நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன. பின்னாளில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் இதனுடன் ஸ்கிம்மரைச் சேர்த்துக்கொண்டதால், அது பெர்லின் முறை என்றே பெயர் பெற்றது. கல்லே வடிகட்டி என்பதைப் படித்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. எங்கள் கடலில் இல்லாத கல்லா!

கல்லும் தானாகவே வந்தது. யாரோ சொல்லி யாரோ அனுப்பிய ஒருவர், ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு துண்டை மாதிரிக்குக் கொண்டுவந்து காட்டினார். வேண்டுமானால் இருபது கிலோ தருவதாகச் சொன்னார். திண்ணையில் இருந்த ஆச்சி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது கடலு கல்லுல்லா? இதச் சுட்ட சுண்ணாம்புதான் இந்த வீட்டுச் சொவரு பூரா இருக்கு. எங்க ஐயா வண்டியில ஏத்தி அடிச்ச கல்லுதான்."

ஆச்சியின் தகப்பனார் மாட்டுவண்டி வைத்திருந்தவர். வள்ளங்களில் வந்திறங்கும் பவளக் கற்களைக் காளவாசலுக்குக் கொண்டுசேர்ப்பது அவருடைய தொழில். அது அந்நாளில் எல்லோரும் அறியச் செய்யப்பட்ட வேலை. குற்றமென்று ஒருவரும் எண்ணியதில்லை. தூத்துக்குடித் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகள் இப்படித்தான் பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்பாகவும் கட்டடங்களாகவும் மாறின. 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள காப்பு அந்தக் கல்லுக்கும் உண்டு. அப்படியும் வெட்டுவது ஓய்வதற்கு 2005 ஆகிவிட்டது. அலையைத் தடுக்கும் பாறைகளை இழந்ததால், தூத்துக்குடித் தொகுதியில் விலாங்குசல்லி என்ற தீவே நீருக்குள் போய்விட்டது.

கொண்டுவந்தவரை அனுப்பிவிட்டோம். சட்டத்துக்கு அஞ்சினோம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அச்சம் மட்டுமல்ல. எங்கள் பங்குக் கல்லை ஒரு தலைமுறைக்கு முன்பே எடுத்து, சுவராகப் பூசிவிட்டோம் என்ற எண்ணம் அன்றிரவு எங்களைத் தூங்கவிடவில்லை. இந்தக் கரைக்குப் பெயர் வாங்கித் தந்த முத்துச்சிப்பியும், செவுள்களால் நீரைச் சலித்து உண்ணும் ஒரு வடிகட்டிதான். தூத்துக்குடியின் முத்துக்குளிப்பும் 1961-உடன் நின்றுபோயிற்று. அதே ஆண்டில்தான் லீ சின் எங் தம் முறையை எழுதினார் என்பது தற்செயலே என்றாலும், எங்களுக்கு மறக்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினோம். துளைகள் நிறைந்த, சூளையில் சுட்ட செயற்கைக் கற்களை வாங்கி அடுக்கினோம். கேனிஸ்டரை ஒதுக்கினோம். மின்சாரம் சில மணிநேரம் நின்றால், அதன் மூடிய கலத்துக்குள் பிராணவாயு தீர்ந்து பாக்டீரியாக்கள் மடியும். மின்சாரம் திரும்பியதும் அந்தக் கெட்ட நீர் தொட்டிக்குள் வரும். மின்தடை பழகிய ஊருக்கு அது ஏற்றதல்ல. அதற்குப் பதிலாக, பின்விளிம்பில் மாட்டும் வடிகட்டியைப் பீங்கான் வளையங்களால் நிரப்பினோம். அருவியாக விழும் நீர் காற்றையும் சேர்த்துக்கொள்ளும். நீரோட்டத்திற்குத் தனியே ஒரு சிறிய பம்ப், மின்தடைக்குப் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப். இரண்டு சிறு மீன்களுக்கு ஸ்கிம்மர் தேவைப்படவில்லை. வாரம் 5 லிட்டர் நீரை மாற்றுவதே போதும். ஸ்பாஞ்சைக் குழாய்நீரில் அலசினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும் என்பதால், மாற்றும் பழைய நீரிலேயே அலசுகிறோம்.

மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீனுணவைப் போட்டு அழுகவிட்டோம். வந்தவர்கள் சிரித்தார்கள். முதலில் அம்மோனியா ஏறியது, பின்பு நைட்ரைட் ஏறியது. 38-ஆம் நாள் சோதனைக் குழாயில் இரண்டும் இல்லையென்றாயின. அதன்பிறகே, பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்களை விட்டோம். கடலிலிருந்து பிடிக்காமல் அவற்றைப் பொரிக்கச்செய்யும் முறை, மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் உருவாக்கப்பட்டிருப்பது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. பவளம் எங்கள் தொட்டியில் இல்லை, இனியும் இருக்காது.

தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி, 2015-க்குப் பின் காங்கிரீட்டாலான செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். அவற்றிலும் உயிர்கள் தாமாக வந்து ஒட்டவேண்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள். எங்கள் கூடத்தில் 38 நாட்களில் முடிந்த காரியம், அங்கே எத்தனை ஆண்டுகள் கேட்கும்?

மாலையில் ஆச்சி தொட்டியின் முன் நாற்காலியைப் போட்டு அமர்ந்துகொள்கிறாள். அன்று கேட்ட கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. போன வாரம் மட்டும், கற்களின்மேல் படரத் தொடங்கியிருக்கும் பச்சையைக் காட்டி, "ஒட்டிக்கிட்டுல்லா" என்றாள்.