இரண்டு மில்லிமீட்டர்

கோலார் தங்கவயலில் கடல் இல்லை; ஆயினும் எம்டன் உண்டு. அடங்காப் பிள்ளையை எங்கள் வீதியில் ‘எம்டன்’ என்றே அழைப்பர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை அணுகி எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த செருமானியப் போர்க்கப்பல் தமிழுக்கு ஈந்த சொல் அது.

எழுத்தர் பணி முடிந்த மாலைகளில் அக்கப்பலின் சிற்றுருவை அமைக்க முற்பட்டோம். இருநூற்றில் ஒரு பங்கு என்பது அளவு. ஏறத்தாழ 118 மீட்டர் நீளம் 59 சென்டிமீட்டராயிற்று. உடலுக்குத் தேக்கு, மூன்று புகைபோக்கிகளுக்குப் பித்தளைக் குழாய், பத்துப் பீரங்கிகளுக்கு முனை முறித்த ஊசிகள்.

நம் தந்தையார் சுரங்கத்தில் பாறை சரியாதபடி மரமுட்டு நிறுத்தியவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் தம் கருவிப்பெட்டியை அவர் திறந்ததேயில்லை. ஒருநாள் சிற்றுருவை உற்று நோக்கியவர் அளவுகோலைக் கேட்டு வாங்கினார்.

“நடுப் புகைபோக்கி ரெண்டு மில்லி தள்ளியிருக்கு.”

“கண்ணுக்குத் தெரியாதப்பா” என்றோம்.

“கப்பல்ல அது நாற்பது சென்டிமீட்டர்டா. கீழே நான் அப்படி முட்டு வெச்சிருந்தா, நீ அப்பன் இல்லாம வளர்ந்திருப்பே.”

நாணினோம், ஒட்டியதைப் பெயர்த்தோம். அன்றிரவே அவர் கருவிப்பெட்டி திறந்தது. எஞ்சிய ஈராண்டு வேலையும் இருவர் வேலையாயிற்று.

உண்மை எம்டன் 1914 நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னியிடம் வீழ்ந்தது. தந்தையாரும் இன்றில்லை. அலுவலகத்தில் ஏதேனும் கணக்கை ‘இதுவே போதும்’ என்று மூடப் புகும்போதெல்லாம், அன்பர்களே, அந்த இரண்டு மில்லிமீட்டர் நம் கையைப் பிடித்து நிறுத்துகிறது.