லிங்க் வராத வீடுகள்

போன மாதம் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்தது. குடிநீர், கழிப்பறை வசதி பற்றி ஓர் அலுவலகம் நடத்திய இணையக் கணக்கெடுப்பு. எங்கள் காலனியில் அதை நிரப்பியவர்கள் மூன்று பேர். மூவரும் கல்லூரி படித்தவர்கள். மூவர் வீட்டிலும் குழாய் உண்டு. விடியற்காலையில் தெருக்குழாயில் குடத்தோடு நிற்கும் அக்காக்களுக்கு அந்த லிங்க் போகவே இல்லை. போயிருந்தாலும் பட்டன் போனில் திறந்திருக்காது.

நிறையப் பேர் நிரப்பினால் கணக்கு சரியாகிவிடும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அது தவறு என்று அமெரிக்க அனுபவம் சொல்கிறது.

2021இல் அங்கே கொரோனா தடுப்பூசி போட்டவர்கள் எத்தனை பேர் என்று மூன்று இணையக் கணக்கெடுப்புகள் கேட்டன. ஃபேஸ்புக் வழியாக நடந்ததில் வாரம் சுமார் 2,50,000 பேர் பதில் சொன்னார்கள். அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நடத்தியதில் இரண்டு வாரத்துக்குச் சுமார் 75,000 பேர். ஆக்சியோஸ்-இப்சோஸ் நடத்தியதில் சுற்றுக்குச் சுமார் 1,000 பேர்தான். மே மாதம் தடுப்பூசிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டால், முதலாவது 17 விழுக்காட்டுப் புள்ளிகள் கூட்டிச் சொன்னது. அரசுடையது 14 புள்ளிகள். ஆயிரம் பேரைக் கேட்டதுதான் உண்மையை ஒட்டி நின்றது.

காரணம் எளிது. அரசு மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அனுப்பியது. நூற்றுக்குப் பத்துப் பேர்கூடப் பதில் சொல்லவில்லை. ஆக்சியோஸ்-இப்சோஸ் பயன்படுத்திய குழுவோ வீட்டு முகவரிகளிலிருந்து குலுக்கல் முறையில் ஆள் சேர்த்தது. இணையம் இல்லாத வீட்டுக்கு டேப்லெட்டும் இணைப்பும் கொடுத்துப் பதில் வாங்கியது.

ஆக, இணையம் என்பதால் மட்டும் கணக்கு பொய்யாவதில்லை. இல்லாதவரைத் தேடிப் போகாததால்தான் பொய்யாகிறது.

எங்களுக்கு இது வெறும் புள்ளியியல் அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. துணைத்திட்ட நிதியும் தனித்தொகுதியும் அப்படிப்பட்ட எண்ணிலிருந்துதான் வருகின்றன. கணக்கில் வராத தெருவுக்குக் குழாயும் வராது.

அடுத்த ஞாயிறு அதே கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். "இவ்வளவு நாளா யாரு வந்து கேட்டா?" என்றார் ஒரு பாட்டி. அந்தத் தாள்களை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். இனி யார் இணையக் கணக்கைக் காட்டினாலும் தோழர்களே, முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: போன் இல்லாதவரை எப்படிக் கேட்டீர்கள்?