வெயில் அடித்தால் பெருகும் ஆறு

"பாலைவனத்திலே படகா? என்னடா உளறல்!" என்றுதான் நானும் மகனிடம் கேட்டேன். மணல்மேடும் ஒட்டகமும்தானே நமக்குப் பாலைவனம்? லடாக்கில் இருப்பது குளிர்ப் பாலைவனம். மழை மேகங்களை இமயமலை தெற்கேயே தடுத்துவிடுவதால் லே நகரில் வருஷம் முழுவதற்கும் சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை. நம் சென்னையில் ஐப்பசியில் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிடும்! அந்த மொட்டை மலைகளைப் பிளந்துகொண்டு ஓடுகிறது ஸன்ஸ்கார் ஆறு.

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அவங்க வீட்டுப் பெரியவங்களோட வர்றாங்கம்மா. நீயும் வாயேன்" என்றான்.

சகோதரிகளே, எனக்குத் தண்ணீரென்றால் ஆகாது. முசிறியில், எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, ஆடிப்பெருக்கன்று என் அண்ணன் காவிரியில் இறங்கினான். பதின்மூன்று வயது. மூன்றாம் நாள்தான் கிடைத்தான். அப்புறம் எங்கள் வீட்டில் யாரும் ஆற்றில் கால் நனைத்ததில்லை. மகனையும் குளத்துப் பக்கம் விடாமல்தான் வளர்த்தேன். அவனோ கல்லூரிக்குப் போன இடத்தில் நீச்சல் கற்று, கயாக் என்னும் ஒற்றையாள் படகும் பழகிவிட்டான்! இரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது. "சொன்னா நீ அழுவே" என்றானே, அதுதான் சுருக்கென்றது. எப்படியும் இறங்கத்தான் போகிறான். வீட்டில் உட்கார்ந்து கதிகலங்குவதைவிடக் கூடவே போவது என்று கிளம்பினேன். என் அம்மாவிடம் மட்டும் "மலை பாக்கப் போறோம்" என்று சொல்லி வைத்தேன்.

லே 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் போய் இறங்கியதும் தலைவலி, மூச்சு வாங்கல். முதல் இரண்டு நாள் தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா படுத்திருக்க வேண்டும். இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. பிறகு கார்கில் வழியாக, 4,400 மீட்டர் உயரமுள்ள பென்ஸி கணவாயைத் தாண்டிப் பதும். அங்கேதான் படகில் ஏறினோம். ஆகஸ்ட் மாதம், பதினோரு பேர், அதில் பெண்கள் நால்வர்.

காற்றடைத்த ரப்பர் படகில் நாங்கள் ஆறு பேர் துடுப்புப் போட, பின்னால் வழிகாட்டி உட்கார்ந்து உத்தரவு போடுவார். கயாக்கில் போகிறவர்கள் முன்னே போய், நீர் சுழித்துப் பாயும் இடத்துக்குக் கீழே காத்திருப்பார்கள், யாராவது விழுந்தால் பிடிக்க. விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாதாம். கால் பாறையிடுக்கில் சிக்கிவிடும். மல்லாந்து, காலை நீரோட்டப் பக்கம் நீட்டி மிதக்க வேண்டும். இதை நான் மந்திரம்போல் சொல்லிக்கொண்டே போனேன்.

இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள். ஊதா, செங்கல் சிவப்பு, பாசிப்பயறுப் பச்சை! ஒரு புல் இல்லை. சாங்லா கிராமத்தில் பழைய அரண்மனை ஒன்று உண்டு. ஹங்கேரியிலிருந்து வந்த சோமா டி கோரோஸ் என்னும் அறிஞர் 1823-இல் அந்த ஊரில் தங்கித் திபெத்திய மொழி கற்று, பின்னால் அகராதியே எழுதினாராம். பனிக்காலத்தில் எப்படித்தான் பேனா பிடித்தாரோ! எனக்கு ஆகஸ்டிலேயே விரல் விறைத்தது.

நம் ஊரில் மழை பெய்தால் ஆறு பெருகும். இங்கே வெயில் அடித்தால் பெருகும். பகலில் பனிமலை உருகி, அந்தத் தண்ணீர் சாயங்காலத்துக்கு மேல் வந்து சேரும். அதனால் படகுகளை மேடேற்றிக் கட்டுகிறார்கள். நான் கரையில் வைத்த கூழாங்கல் காலையில் தண்ணீருக்குள் கிடந்தது.

சமையல் விஷயம் சொல்லாமல் விடலாமா? அந்த உயரத்தில் 88 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வேகாது. பருப்பு கேட்கவே வேண்டாம். குக்கர்தான் கதி. நான் கொண்டுபோன புளிக்காய்ச்சல் மூன்றாம் நாளே காலி. வறுத்த வாற்கோதுமை மாவை வெண்ணெய் போட்ட உப்புத் தேநீரில் பிசைந்து தந்தார்கள். நம் சத்துமாவு நினைவு வந்தது. கழிப்பதற்கு ஒரு சின்னக் கூடாரம், மூடி போட்ட டப்பா. ஆற்றங்கரையில் எதையும் விடாமல் திரும்ப எடுத்து வருகிறார்கள். மாதவிலக்கு நாள் வரலாம் என்றால் போதுமான நாப்கினும், உபயோகித்ததைச் சுற்றிக் கொண்டுவர மூடுகிற பையும் கொண்டு போங்கள்.

நாலாம் நாள் ஒரு பெரிய சுழிப்பில் மகனின் கயாக் கவிழ்ந்தது. அடிப்பாகம் மட்டும் தெரிகிறது, அவனைக் காணோம். ஒன்று, இரண்டு, மூன்று... எண்ணியது நினைவிருக்கிறது. முசிறிப் படித்துறைதான் கண்ணில் நின்றது. ஐந்து எண்ணுவதற்குள் துடுப்பை ஒரு வீச்சு வீசிக் கயாக்கோடு புரண்டு எழுந்துவிட்டான். வாயிலிருந்து தண்ணீரைத் துப்பிவிட்டு முதலில் என்னைத்தான் பார்த்தான். நான் அழவில்லை. துடுப்பை மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தேன்.

அன்று மாலை அமைதியான ஓர் ஓரத்தில், "லைஃப் ஜாக்கெட் இருக்கும்மா, நான் பிடிச்சுக்கறேன்" என்றான். இறங்கினேன். கத்தி மாதிரிக் குளிர். மல்லாந்தேன், காதுக்குள் ஆறு இரைந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. முப்பத்தேழு வருஷத்துக்கு அப்புறம் ஆற்றில் இறங்கியிருக்கிறேன்.

நிம்முவில் ஸன்ஸ்கார் சிந்து நதியோடு சேருகிறது. இது சேற்று நிறம், அது பச்சை. கொஞ்ச தூரம் ஒட்டாமலே ஓடுகின்றன. கரையேறியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, மலை மட்டும் பாக்கல. ஆத்துல போனோம்மா."

பேச்சே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"பையன் எங்கே?"

"பக்கத்துலதான் நிக்கறான்."

மறுபடி கொஞ்ச நேரம். அப்புறம், "தண்ணி ரொம்பக் குளிர்ச்சியாடீ?" என்றாள்.