இருபத்தெட்டுத் தோல்விகள்

குளிர்காலத்தில் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் மாலை ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது, நம் வீட்டுக் கடிகாரம் மறுநாள் காலை ஐந்தரையைக் காட்டும். 2023ஆம் ஆண்டின் இறுதியில், ஏறக்குறைய இரண்டு மாதங்கள், அவ்வேளையில் எழுந்தமர்ந்து ஒரு கூடைப்பந்து அணி தோற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டார் நகைத்தனர். பள்ளிக்காலத்தில் நாமும் கூடைப்பந்து ஆடியதுண்டு. நன்றாக ஆடினோம் என்று சொல்ல இயலாது. அதனால்தானோ என்னவோ, தோற்கும் அணிகள்மேல் நமக்கு என்றும் ஓர் ஈர்ப்பு.

அந்த அணியின் பெயர் டெட்ராயிட் பிஸ்டன்ஸ். ஃபோர்ட் வேன் நகரில் மோட்டார் எந்திரங்களுக்குப் பிஸ்டன் செய்த தொழிலதிபர் ஒருவர் தொடங்கிய அணி அது. 1957இல் டெட்ராயிட்டுக்குக் குடிபெயர்ந்தது. கார்த் தொழிலால் வாழ்ந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திராது. 1989, 1990, 2004 ஆகிய மூன்று ஆண்டுகளில் வாகை சூடிய அணி. பின்னர் நகரமும் நொடித்தது, அணியும் தேய்ந்தது.

2023இல் மான்ட்டி வில்லியம்ஸ் என்னும் பெயர்பெற்ற பயிற்சியாளரை, ஆறாண்டுகளுக்கு 7 கோடியே 85 லட்சம் டாலர் தருவதாகப் பேசி அழைத்து வந்தார்கள். முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றார்கள். நமக்கு நம்பிக்கை பிறந்தது. அக்டோபர் 30ஆம் நாள் தோற்றார்கள். அடுத்ததிலும் தோற்றார்கள். நவம்பர் மாதம் முழுவதும் ஒரு வெற்றிகூட இல்லாமலே கழிந்தது.

டிசம்பர் 26ஆம் நாள் ஆட்டம் இன்னும் கண்முன் நிற்கிறது. சொந்த அரங்கில் புரூக்ளின் நெட்ஸ் அணியை எதிர்கொண்டார்கள். அன்றும் தோற்றால், ஒரே பருவத்தில் தொடர்ந்து 27 ஆட்டங்களில் தோற்ற முதல் அணி என்ற அவப்பெயர். கேட் கன்னிங்ஹாம் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர் தனியொருவராய் 41 புள்ளிகள் எடுத்தார். ஆயினும் 118–112 என்று ஆட்டம் கைநழுவிற்று. ‘அணியை விற்றுவிடு’ என்று உரிமையாளரை நோக்கி அரங்கு முழங்கியது. எத்துணைக் கொடுமை இது என்று முதலில் மனம் கசந்தோம். பிறகு யோசித்துப் பார்த்தோம். முழங்கியவர்கள் பணம் கொடுத்து, பனியில் வந்து, கடைசி வரை அமர்ந்திருந்தவர்கள். நாமோ, புள்ளிகளின் இடைவெளி இருபதைத் தாண்டியவுடன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனவர்கள். கோபப்படும் உரிமை யாருக்கு?

இரு நாள் கழித்துப் பாஸ்டனில், லீக்கின் மிக வலிய அணியை இடைவேளை வரை திணறடித்தார்கள். கூடுதல் நேரம் வரை சென்று அதையும் இழந்தார்கள். இருபத்தெட்டு. அன்று நமக்கு மனம் விட்டுப்போயிற்று. இனி எழுவதில்லை என்று முடிவு செய்தோம்.

அடுத்த ஆட்டம் டொரான்டோ அணியுடன். நமக்கு அது டிசம்பர் 31, ஞாயிறு அதிகாலை. சொன்னபடியே உறங்கினோம். விடிந்தபின் கைப்பேசியில் பார்த்தால், டெட்ராயிட் 129, டொரான்டோ 127. கன்னிங்ஹாம் 30 புள்ளிகள். அன்றைய தினமே டொரான்டோ அணி வீரர்களைக் கைமாற்றியிருந்ததால் ஆள் குறைவாக ஆடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் வெற்றி வெற்றிதானே. இருபத்தெட்டுத் தோல்விகளையும் அரையும் குறையுமாகப் பார்த்த நாம், அந்த ஒரு காலையைத் தவறவிட்டோம். நெடுநாள் அது நெஞ்சில் உறுத்தியது.

பருவ முடிவில் 14 வெற்றி, 68 தோல்வி. அணியின் வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்த நிலை. இந்த லீக்கில் தோல்விக்கும் ஒரு சன்மானம் உண்டு. கடைநிலை அணிகளுக்கு, புதிய இளம் வீரர்களுள் முதல்வரைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு குலுக்கலில் அதிகம். அதற்காகவே சில அணிகள் தோற்கின்றன என்று ஊரார் பேசுவதுண்டு. 41 புள்ளிகள் எடுத்துவிட்டுத் தலைகுனிந்து வெளியேறிய அந்த இளைஞரைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். குலுக்கலும் அவர்களுக்கு இரங்கவில்லை. 2023இலும் 2024இலும் கடைசி இடத்தில் இருந்தும், இரு முறையும் ஐந்தாம் தேர்வே கிடைத்தது. பயிற்சியாளரும் ஒரே ஆண்டில் விலக்கப்பட்டார்.

அடுத்த பருவத்தில், புதிய பயிற்சியாளரின்கீழ், பெரும்பாலும் அதே இளைஞர்கள் 44 ஆட்டங்களை வென்றார்கள். இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றார்கள். அச்சுற்றுகளிலும் 2008 முதல் தொடர்ந்து 15 தோல்விகள் என்ற பழைய சுமை ஒன்று இருந்தது. 2025 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் அதையும் இறக்கி வைத்தார்கள். நிக்ஸ் அணியிடம் அந்தத் தொடரைப் பின்னர் இழந்தார்கள் என்பது வேறு. நமக்கு அப்போது காலை ஐந்து மணி. கடைசி நிமிடங்களில் நியூயார்க் அணி நெருங்கி வந்தபோது, நம் கை பழக்கத்தால் பொத்தானைத் தேடியது. அதை மேசைமேல் எட்டத் தள்ளி வைத்துவிட்டு, முடியும் வரை பார்த்தோம்.