மூணு மணிக்குப் பிள்ளையை யார் கூப்பிட்டு வர்றது? லாஸ் ஏஞ்சல்ஸ் அம்மாக்கள் கண்டுபிடித்த வழி!

லாஸ் ஏஞ்சல்ஸ் என்றதும் நமக்கு ஹாலிவுட்டும் கடற்கரையும்தான் கண் முன் வரும். அங்கே பிள்ளை வளர்ப்பவர்களுக்கோ முதலில் நினைவுக்கு வருவது டிராஃபிக்!

ஊரின் அளவைப் பாருங்கள். சென்னை மாநகராட்சியின் பரப்பளவு 426 சதுர கிலோமீட்டர். லாஸ் ஏஞ்சல்ஸ் பொதுப்பள்ளி நிர்வாகத்தின் எல்லையோ சுமார் 1,840 சதுர கிலோமீட்டர். நான்கு சென்னைக்கும் மேல்! போதாததற்கு நடுவில் மலை. வடக்கே சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் வீடு, மலைக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் என்றால், செபுல்வேடா கணவாய் வழியாகப் போகும் 405 நெடுஞ்சாலையில் தினமும் ஊர்ந்துதான் ஆக வேண்டும்.

இந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஒரு காலத்தில் ‘ரெட் கார்’ என்ற சிவப்பு மின்சார வண்டிகள் ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் இணைத்தன. மக்கள் கார்களுக்கு மாற மாற, தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசி வண்டி ஓடியது 1961-ல். லாங் பீச்சுக்கு மீண்டும் ரயில் வந்தது 1990-ல்தான்.

‘ஸ்கூல் பஸ் இருக்குமே?’ என்று கேட்பீர்கள். ஆங்கிலப் படங்களில் வரும் மஞ்சள் பஸ் அமெரிக்காவின் அடையாளம்தான். ஆனால், கலிஃபோர்னியாவில் பத்தில் ஒரு மாணவர்கூட அதில் போவதில்லை. சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர, மற்ற மாணவர்களுக்கு பஸ் விட வேண்டும் என்று மாநிலச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பள்ளி முடிவது மதியம் மூன்று மணி வாக்கில். ஆபீஸ் முடிவது ஐந்து, ஆறு மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் பாட்டு கிளாஸ், கால்பந்துப் பயிற்சி, பல் டாக்டர் எல்லாமே காரில் போகும் தூரம். தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லாத வீடுகளில் அம்மாவோ அப்பாவோ வேலையைப் பாதியில் விட்டு ஓட வேண்டியதுதான்.

ஜோன்னா மெக்ஃபார்லண்ட், கேரொலின் யஷாரி பெச்சர், ஜேனல் மெக்கிளாத்லின் ஆகிய மூவரும் வேலைக்குப் போகும் அம்மாக்கள். மூவருக்கும் சேர்த்து எட்டுப் பிள்ளைகள்! ஒரு பிறந்த நாள் விழாவில் அம்மாக்கள் கூடிப் புலம்பியதும் இதைப் பற்றித்தான். அந்தப் புலம்பல் 2014-ல் ‘ஹாப்ஸ்கிப்டிரைவ்’ என்ற நிறுவனமானது.

சாதாரண டாக்ஸி ஆப்களிலிருந்து இது எப்படி மாறுபட்டது? பயணத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஓட்டுநருக்குக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்ட அனுபவம் ஐந்து வருடமாவது இருக்க வேண்டும். கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி இருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். பிள்ளையை அழைக்க வரும்போது, அந்தக் குடும்பத்துக்கென உள்ள ரகசியச் சொல்லை ஓட்டுநர் சொல்ல வேண்டும். வண்டி எங்கே போகிறது என்பதை அம்மா தன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால், யோசனை நல்லது என்பதற்காகத் தொழில் ஓடிவிடாது. சான்ஃபிரான்சிஸ்கோவில் இதே சேவையைத் தொடங்கிய ‘ஷடில்’ நிறுவனம், மேற்கொண்டு முதலீடு கிடைக்காமல் 2016-ல் மூடப்பட்டது. ஒவ்வொரு ஓட்டுநரையும் இவ்வளவு சோதித்து எடுக்கச் செலவாகும். அந்தச் செலவு கட்டணத்தில்தான் வந்து நிற்கும். பாட்டு கிளாஸுக்காக அதைத் தினமும் தரக்கூடிய குடும்பங்கள் எத்தனை இருக்கும்?

லாஸ் ஏஞ்சல்ஸ் அம்மாக்களின் நிறுவனத்துக்கோ வேறொரு பக்கத்திலிருந்து வேலை வந்தது. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசுப் பொறுப்பில் வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் பிள்ளைகள் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டியில் ஏராளம். இன்று ஒரு வீடு, சில மாதங்களில் வேறு வீடு. வீடு மாறும்போதெல்லாம் பள்ளியும் மாறினால் படிப்பும் போகும், நண்பர்களும் போவார்கள். அதனால், அந்தப் பிள்ளையின் நலனுக்கு ஏற்றது என்றால் பழைய பள்ளியிலேயே தொடரவும், அங்கே போய்வர ஏற்பாடு செய்யவும் 2015-ல் வந்த மத்தியக் கல்விச் சட்டம் வழி செய்தது. வீடில்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதே உரிமை அதற்கு முன்பே இருக்கிறது.

ஒரே ஒரு பிள்ளைக்காக ஊரின் மறுகோடிக்குப் பெரிய பஸ்ஸை அனுப்ப முடியாது. கார் போதும். அதனால் பள்ளி நிர்வாகங்கள் இந்தச் சேவையைப் பயன்படுத்தத் தொடங்கின. கட்டணத்தைப் பிள்ளையின் குடும்பம் தர வேண்டியதில்லை. தங்கள் எட்டுப் பிள்ளைகளுக்காக யோசித்த அம்மாக்களின் வண்டியில், அழைத்துப் போக அம்மா அருகில் இல்லாத பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள்.

குறையும் உண்டு. இந்த ஓட்டுநர்கள் மாதச் சம்பளம் பெறும் ஊழியர்கள் அல்லர். ஓட்டிய பயணங்களுக்கு மட்டுமே பணம்.

நம் ஊரில் அரசுப் பேருந்தில் மாணவர்களுக்கு இலவச பாஸ் இருக்கிறது, வேனும் ஆட்டோவும் இருக்கின்றன. ஆனாலும் மூணு மணிக் கவலை நமக்கும் உண்டு. அந்த அம்மாக்களிடமிருந்து பைசா செலவில்லாமல் நாம் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. இன்றே உங்கள் பிள்ளையோடு சேர்ந்து ஒரு ரகசியச் சொல்லை முடிவு செய்யுங்கள். ‘அம்மா அனுப்பினாங்க’ என்று யார் வந்து நின்றாலும், அந்தச் சொல்லைச் சொன்னால்தான் கூடப் போக வேண்டும் எனச் சொல்லி வையுங்கள்.