பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு பர்மா தட்டு

நண்பர்களோடு சென்னையில் வேற்றூர்ச் சாப்பாடு தேடிக் கிளம்பினால், என் முதல் ஓட்டு பர்மா பஜார் பக்கத்தில் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகளுக்குத்தான். நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, மேலே பேஜோ என்னும் மொறுமொறு பொரியலை நொறுக்கிப் போடுவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப், சுடச்சுட.

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகண்ணியெல்லாம் அரசுடைமையான பிறகு, பிழைப்பை இழந்து திரும்பிய தமிழர்கள் கூடவே கொண்டுவந்த ருசி இது. எல்லாம் போனபின்பும் கைப்பக்குவம் அவர்களைக் காப்பாற்றியது என்பதை நினைத்தால் மரியாதை கூடுகிறது.

அப்படியே வட இந்தியர் நிறைந்த சௌகார்பேட்டைக்கு நடந்தால் முறுக்கு சாண்ட்விச், ஜிலேபி. பர்மாவும் வடக்கும் ஒரே மாலையில், கைக்கடக்கமான செலவில்!

நாலு பேராகப் போங்கள். ஆளுக்கொன்று வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுங்கள். கடைக்காரரிடம் அவர் குடும்பக் கதையையும் கேளுங்கள்.